பரவைகளுக்கு உணவளிக்காதீர்

ஒன்பது மணிக்குத் திறப்பு என்றார்கள்.
பத்தேகாலுக்கு வந்த வாகனங்களிலிருந்து
ஏசிக் குளிர் கொஞ்சம் இறங்கி
உவர்க்காற்றில் அந்த இடத்திலேயே செத்தது.

நான் ரிக்கற் கூட்டுக்குள் இருந்தேன்.
பெரியவருக்கு அறுபது, பள்ளிப் பிள்ளைகளுக்கு இருபது,
வெள்ளைக்காரருக்கு எவ்வளவென்று
இன்னும் கடிதம் வரவில்லை.
சில்லறைக்கு ஒரு ரின்பால் பேணி.
புதுப் பச்சைச் சேட்டின் இடது பொக்கற்றில்
நூலால் தைத்த சிறகி ஒன்று
எங்கும் போகாமல் நீந்திக்கொண்டிருந்தது.

வாசலில் மூன்று மொழியில் பலகை.
எங்கள் மொழியில் ஓர் எழுத்துப் பிசகி
பறவைகள் பரவைகள் ஆகியிருந்தன.
எமிலியாம்பிள்ளை சைக்கிளில் ஒரு கால் ஊன்றி
எழுத்துக் கூட்டிப் படித்தார்:
"பரவையெண்டா கடல் தானே பிள்ளை.
இனி அதுக்குத் தீன் போட வேண்டாமாம்.
நல்லது. தின்டது காணும்."
ரிக்கற் எடுக்காமலே திருப்பிக்கொண்டு போனார்.
அவருடைய சிறகுவலைத் தடிகளை
ஆவணியில் பிடுங்கினார்கள்.
எந்தச் சிறகுக்கு இங்கே இடமென்று
கந்தோரில் இருந்து ஒரு வரைபடம் வந்திருந்தது.

நாடா வெட்டினார்கள்.
பிறகு சீனவெடி, ஒரு முழுக் கோர்வை.
ஆர் யோசித்ததோ, சீனவெடி.

முதல் வெடிக்கே
களப்பின் தோலை ஆரோ உரித்ததுபோல்
பூநாரை எல்லாம் ஒருமிக்க எழும்பி
இளஞ்சிவப்பாய் ஒரு பக்கம் சரிந்து
மணற்திட்டுக்கு அப்பால் போய்விட்டன.
நானும், தேத்தண்ணி ஊற்றுகிற சுகந்தமலரும்,
எந்த ஊரென்று தெரியாத ஒரு சாரதியும்
கதிரைகளுக்குப் பின்னால்
தலையைப் பிடித்தபடி குந்தியிருந்தோம்.
பிறகு எழும்பி, ஆளையாள் பார்க்காமல்
உடுப்பைத் தட்டினோம்.

வந்தவர்கள் கோபுரத்தில் ஏறி
தூரநோக்கியால் வெறுந்தண்ணீரைப் பார்த்து
"நல்ல வடிவு" என்றார்கள்.
அது பொய்யுமில்லை.

பலகைப் பாலம் நானூற்றிருபது மீற்றர்.
இந்த வழி எனக்கு முழங்காலால் தெரியும்.
ஆறு வருசம்.
முகக் கண்ணாடிக்குள் என் மூச்சே புகார்.
புல்லை வெட்டு, கருவியைப் பிடி, கேள்,
மண்ணைச் சுரண்டு, கேள்.
ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்.
சிவப்புத் தடிக்கு அங்கால் கை வைக்காதே.
தடிகளைக் கழற்றிவிட்டார்கள்.
அதே இடத்தில் இப்போது
"பாதையை விட்டு விலகாதீர்".
அதில் எழுத்துப் பிழை இல்லை.

பரந்தனில் இருந்து வந்த பள்ளிக்கூடத்தில்
கபிசனா என்று ஒருத்தி, ஒன்பதாம் ஆண்டு,
வரிசையை விட்டு என்னிடம் வந்தாள்.
"அக்கா, நீங்கள் முந்தியும் இங்கை தானாமே வேலை.
பூநாரை எத்தினை வரும்?"

எனக்குத் தெரியாது.
அந்த ஆறு வருசமும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.
நிழல் தெரியும்.
மண்ணில், என் இரண்டு கைக்கும் மேலால்
ஒன்று போகும். பிறகு இன்னொன்று.
மாசியில் சில நாள் நிற்காமல் போகும்.
கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன்,
வெளிச்சம் திரும்பி வந்ததும் சுரண்டுவேன்.
அதில் எது நாரை, எது கூழைக்கடா,
எது வெறும் முகில்?

"கன" என்றேன்.
அவள் அதைக் கொப்பியில் எழுதினாள்.
எண் கேட்ட இடத்தில், கன.

நாலரைக்குப் படலையைச் சாத்தினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
பலகையை மாற்ற ஆள் வருமாம், எப்போதென்று சொல்லவில்லை.
பேணிக்குள் என் காசு அறுபதைப் போட்டு
இருநூற்றுப் பதின்மூன்றாவதைக் கிழித்து
சிறகியின் பின்னால் செருகிக்கொண்டு நடந்தேன்.

அவை வந்திருந்தன.
எல்லாம் இல்லை.
நாற்பத்தொன்று மட்டும் எண்ணியிருப்பேன்,
பின்வரிசை கலைந்து முன்வரிசைக்குள் இறங்கியது.
பிடரி நொந்தது.
திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினேன்.